ஹட்டன் மொத்த வியாபாரம் ஒன்றின் புதிய களஞ்சியம்: இடம் தேடியது முதல் மூன்றாம் ஆண்டு வரை

பின்னணி

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, எண்ணெய், பால்மா, சவர்க்காரம் என்று அன்றாடச் சாமான்களை மொத்தமாக விற்கும் ஒரு குடும்ப வியாபாரம். தகப்பன் தொடங்கியதை இப்போது இரண்டு மகன்மார் நடத்துகிறார்கள். கணக்கும் வங்கியும் அண்ணன் பொறுப்பு. சரக்கும் லொறியும் தம்பி பொறுப்பு. 2010இல் 90 அளவில் இருந்த வாடிக்கைக் கடைகள் 2017இல் 230ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை தேயிலைத் தோட்டப் பிரிவுகளில் லயங்களை (தொழிலாளர் வரிசைவீடுகளை) ஒட்டியிருக்கும் சிறு கடைகள். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை ஒரு பக்கம். மஸ்கெலியா, சாமிமலை இன்னொரு பக்கம். கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை கிழக்கே. வட்டவளை, கினிகத்தேனை கீழே. எல்லாமாக ஒன்பது ரூட்.

மாவும் சீனியும் பருப்பும் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியாக ஏ7 வீதியில் ஏறி வரும். அரிசி பொலன்னறுவைப் பக்கத்து ஆலைகளிலிருந்து கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி வழியாக வரும். மாதத்துக்குச் சராசரியாக 360 தொன் உள்ளே வந்து வெளியே போனது.

இவ்வளவும் மூன்று இடங்களில் பிரிந்து கிடந்தது. பிரதான வீதியிலுள்ள கடையின் பின்னறை 1,100 சதுர அடி. அங்கிருந்து அரைக் கிலோமீற்றரில் வாடகைக்கு எடுத்த பழைய கராஜ் 1,500. ஒரு சந்துக்குள் 14 படி ஏறிப் போக வேண்டிய மாடி மண்டபம் 800. ஆக மொத்தம் 3,400 சதுர அடி. சம்பள வாரத்தில் கடை வாசலில்கூட மூட்டை அடுக்கியிருப்பார்கள்.

அண்ணனின் திட்டம் எளிமையானது: விற்பனை இரட்டித்திருக்கிறது, இன்னும் இரட்டிக்கும், ஆகவே 12,000 சதுர அடியில் ஒரு களஞ்சியம் கட்டிவிட்டால் பத்து வருடத்துக்குக் காணும். கடனுக்கு வங்கியுடன் பேச்சும் தொடங்கியிருந்தார். தம்பிக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் மறுத்துச் சொல்லக் கையில் கணக்கு இருக்கவில்லை. அந்தக் கணக்கை எடுத்துவிட்டு முடிவு செய்வோம் என்று இருவரும் ஒத்துக்கொண்டதே இந்த வேலையின் தொடக்கம்.

கவனித்தவை

2017 செப்டெம்பர், ஒக்டோபர் இரண்டு மாதமும் பதிவு எடுக்கப்பட்டது. அந்த ஆண்டு தீபாவளி ஒக்டோபர் 18. பத்தாம் திகதிச் சம்பளம், தீபாவளி முற்பணம், பண்டிகைக் கொள்வனவு மூன்றும் அடுத்தடுத்து விழுந்ததால் நெருக்கடியின் உச்சம் எப்படியிருக்கும் என்று பார்க்க அது பொருத்தமான காலம். ஒவ்வொரு லொறிக்கும் ஒரு அட்டை: வந்த நேரம், ஏற்றத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், காத்திருந்தால் எதற்காக. அதிகம் போகும் 40 சாமான்களின் இருப்பு வாரம் இரு முறை எண்ணப்பட்டது. மூன்று இடத்திலும் ஈரப்பதமானி ஒன்று மாட்டப்பட்டது.

முதலில் தெரிந்தது, தோட்டத்து வியாபாரம் மாதம் முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை என்பது. அது எல்லோரும் அறிந்ததுதான். எவ்வளவு என்பதுதான் தெரியாமல் இருந்தது. பத்தாம் திகதிச் சம்பளத்தை ஒட்டிய ஐந்து நாளில் மாதச் சரக்கில் 38 வீதம் வெளியேறியது. 25ஆம் திகதி வாக்கில் வரும் முற்பணத்தை ஒட்டிய நான்கு நாளில் 19 வீதம். அதாவது பாதிக்கு மேற்பட்ட சரக்கு ஒன்பது நாளில் போகிறது; மிச்ச நாட்களில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகள் பாதி நேரம் சும்மா இருக்கிறார்கள்.

இரண்டாவது, இருப்பு. தீபாவளிக்கு முந்திய வாரத்தில், இருப்பு மிக அதிகமாக இருந்த நாளில்கூட மூன்று இடத்திலும் சேர்த்து 128 தொன்தான் இருந்தது. சராசரி 84 தொன். மாதம் 360 தொன் போகும் கடையில் 84 தொன் என்றால் ஏழு நாள் இருப்பு. கொழும்பிலிருந்து வாரம் இரண்டு தடவை லொறி வரும்வரை, விற்பனை கூடுகிற அளவுக்கு இடமும் கூட வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது. ஒரு விநியோக லொறியை ஏற்றி அனுப்பச் சராசரியாக 170 நிமிடம் எடுத்தது. அதில் சாமானை உண்மையில் ஏற்றிய நேரம் 55 நிமிடம். மூன்று இடத்துக்கும் மாறிமாறி ஓடியது 40 நிமிடம், முன்னால் நிற்கும் லொறி விலகக் காத்திருந்தது 45, பில்லில் இருக்கும் சாமானைத் தேடியது 30. கொழும்பிலிருந்து வரும் பத்துச் சக்கர லொறியில் 15 தொன், அதாவது 25 கிலோ மூட்டை 600 வரும். வீதியோரத்தில் நிறுத்தி 70 மீற்றர் சுமந்து இறக்க நான்கு நாட்டாமிகளுக்கு மூன்று மணி நாற்பது நிமிடம் ஆனது. பஸ் ஓட்டம் தொடங்கிவிட்டால் பாதியில் லொறியை நகர்த்த வேண்டும்.

வயதான நாட்டாமி ஒருவர் தம்பியிடம் சொன்னது அட்டைகள் சொன்னதோடு ஒத்துப்போனது: “சின்ன முதலாளி, வைக்க எடம் இல்லாம இல்லீங்க. எறக்கத்தான் எடம் இல்ல.”

ஒரு மூட்டையை எத்தனை தடவை கை தொடுகிறது என்றும் எண்ணப்பட்டது. லொறியிலிருந்து நடைபாதைக்கு, அங்கிருந்து தள்ளுவண்டியில் கராஜுக்கு, கராஜிலிருந்து கடைப் பின்னறைக்கு, பின்னறையிலிருந்து விநியோக லொறிக்கு. நான்கு தடவை. இரண்டு போதும்.

ஈரம் தனிக் கதை. தென்மேல் பருவமழைக் காலத்தில் ஹட்டன், வட்டவளைப் பக்கம் நாட்கணக்கில் வெயில் முகம் தெரியாது. பதிவு எடுத்த செப்டெம்பர் மாதத்திலேயே கராஜின் ஈரப்பதம் பல நாள் 90 வீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. மாவின் ஈரம் 14 வீதத்தைத் தாண்டினால் கட்டி தட்டும், பூஞ்சணம் பிடிக்கும். சுவரோடு சாய்த்து அடுக்கிய மூட்டைகளும் தரையோடு கிடந்த அடி வரிசையும்தான் முதலில் பழுதாகின. அந்த ஆண்டு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை ஒதுக்கித் தள்ளிய மா, விற்ற மாவில் 1.4 வீதம். புது மூட்டை முன்னால் வந்து விழ, பழையது பின்னால் மாட்டிக்கொள்வதும் ஒரு காரணம். அப்படிக் கிடந்த மூட்டைகளில்தான் வண்டும் அதிகம்.

மாடி மண்டபத்தைப் பார்த்த பொறியியலாளர் அன்றே பாதிச் சரக்கை இறக்கச் சொன்னார். தூண்களில் தாங்கி நிற்கும் மாடித் தளம் அது. கூட்டம் நடத்தக் கட்டியது. அதில் மூட்டைகளை எட்டு வரிசை அடுக்கினால் சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 830 கிலோ ஏறும். கூட்ட மண்டபத் தளத்துக்கு வழக்கமாகக் கணக்கிடும் சுமை சுமார் 500 கிலோ. விட்டங்களின் நடுவில் மயிரிழை வெடிப்புகள் ஏற்கெனவே இருந்தன.

அளவு பற்றிய முடிவு

12,000 சதுர அடித் திட்டம் இந்த அட்டைகளோடு முடிந்தது. மாதம் 540 தொன் வரை, அதாவது அன்றைய அளவின் ஒன்றரை மடங்குக்கு, கணக்குப் போடப்பட்டது.

உச்ச நாளின் 128 தொன்னில் மூட்டைச் சரக்கு 96 தொன். ஒன்றரை மடங்கு 144 தொன். 1.2 மீற்றருக்கு 1 மீற்றர் பலெட்டில் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) 25 கிலோ மூட்டை வரிசைக்கு ஐந்து வீதம் எட்டு வரிசை அடுக்கினால் 40 மூட்டை, சரியாக ஒரு தொன். ஆக 144 பலெட், 173 சதுர மீற்றர். இடைவழிகளுக்கு அதே அளவு இன்னொரு மடங்கு சேர்த்தால் ஏறக்குறைய 3,720 சதுர அடி. பெட்டிச் சாமான் தட்டுகளுக்கு 1,200. வெங்காயம், உருளைக்கிழங்குக்குக் காற்றோட்டமான தனியறை 350. கருவாட்டுக்கு வெளிவாசல் உள்ள சிற்றறை 130. ஏற்றுமுன் சேர்த்துவைக்கும் தளம் 900. அலுவலறை, கழிவறை 200. கூட்டினால் 6,500 சதுர அடி.

இதில் 900 சதுர அடித் தளத்தைத்தான் அண்ணன் கடைசிவரை கேள்வி கேட்டார். பாதி நாள் வெறுமையாகக் கிடக்கப்போகும் இடத்துக்கு ஏன் கடன் வாங்க வேண்டும் என்பது அவர் வாதம், நியாயமானதும்கூட. ஆனால் ஒன்பது ரூட்டுக்கும் 100 சதுர அடிக் கட்டம் ஒவ்வொன்று இருந்தால்தான், முதல் நாள் பிற்பகலே பில்படி சாமானைச் சேர்த்துவைத்து விடியற்காலையில் ஏற்ற முடியும். அந்த இடம் இல்லாவிட்டால் 6,500 அல்ல, 12,000 கட்டினாலும் லொறி வரிசை வீதியில்தான் நிற்கும்.

ஃபோர்க்லிஃப்ட் வேண்டாம் என்று தீர்மானிக்கப்பட்டது. சரக்கு பலெட்டில் ஏறி வருவதில்லை, சில்லறை மூட்டையாகத்தான் வருகிறது. அதை வாங்கினால் இடைவழி 3.5 மீற்றராவது வேண்டும். கையால் தள்ளும் பலெட் வண்டிக்கு 2 மீற்றர் போதும். 2.5 தொன் தாங்கும் கைவண்டி இரண்டு வாங்கப்பட்டன.

இடம் பற்றிய முடிவு

நான்கு இடம் பார்க்கப்பட்டது. டிக்கோயாப் பக்கம் ஓடையோரமாக ஒரு சமதரை, விலை மலிவு. பக்கத்துக் கட்டடத்தின் சுவரில் பழைய வெள்ளத்தின் சேற்றுக்கோடு முழங்கால் உயரத்தில் தெரிந்தது. ஓடை ஒதுக்கு எல்லையைக் கழித்தால் மிஞ்சுவதும் கொஞ்சம். அது அத்தோடு விடப்பட்டது.

வட்டவளைப் பக்கம் 120 பேர்ச் (ஒரு பேர்ச் ஏறக்குறைய 25 சதுர மீற்றர்) சரிவு நிலம் இருந்தது. பேர்ச் விலை மற்றவற்றில் பாதி. முற்றத்துக்கு மட்டம் எடுக்க ஆறு மீற்றர் மலையை வெட்ட வேண்டும். இலங்கையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் மழை காணும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. அங்கே ஆறு மீற்றர் வெட்டுமுகத்தைத் தாங்க வேண்டிய கருங்கல் சுவர், கல்கூடை, வடிகான் செலவைக் கூட்டியபோது நிலத்தில் மிச்சம் பிடிப்பதைவிட அதிகமாக வந்தது. சுவர் கட்டினாலும் மேலே இருக்கும் தேயிலைச் சரிவு இன்னொருவர் நிலம். அதன் வடிகானை யார் துப்புரவாக வைப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது, ஒரு தோட்டக் கம்பனி உபகுத்தகைக்குத் தரத் தயாராக இருந்த பழைய விளையாட்டு மைதானம். பார்க்க மிக நல்ல இடம். ஆனால் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் இருப்பதே அரசுக் காணியின் நீண்டகாலக் குத்தகைதான். அதை ஈடாக வைத்துக் கடன் தர வங்கி தயங்கியது. அதற்கும் மேலாக, பக்கத்து லயத்துப் பிள்ளைகள் விளையாடுவதும் தோட்டத் திருவிழாவுக்குக் கூடுவதும் அங்கேதான். நாளை வாடிக்கையாளராக வர வேண்டியவர்களுடன் காணிச் சண்டை போட்டுக்கொண்டு களஞ்சியம் நடத்த முடியாது. தம்பி இதை ஒரே பார்வையில் மறுத்தார்.

எடுக்கப்பட்டது நான்காவது: கொட்டகலைப் பக்கம் ஏ7 வீதியோரமாக, முன்பு மரக்காலையாக இருந்த 72 பேர்ச் உறுதிக் காணி (குத்தகையல்ல, உறுதியோடு வாங்கும் சொந்தக் காணி). பேர்ச் விலை நான்கிலும் அதிகம். ஆனால் பாதி நிலம் ஏற்கெனவே மட்டமாக இருந்தது. வெட்ட வேண்டியது இரண்டு மீற்றருக்கும் குறைவு. 24 மீற்றருக்கு 22 மீற்றர் முற்றம் கிடைத்தது, அதாவது பத்துச் சக்கர லொறி உள்ளே திரும்பி முகம் முன்னாக வெளியே போகலாம். காணிச் செலவுக்குச் சேமிப்பும், கட்டடத்துக்கு ஏழு வருட வங்கிக் கடனும் என்று பிரித்துக்கொண்டார்கள்.

மஸ்கெலியாவில் ஒரு சிறு கிளைக் களஞ்சியம் வேண்டும் என்று விற்பனைப் பிரதிநிதிகள் கேட்டார்கள். இரண்டு இடத்தில் இருப்பு வைத்தால் பழைய மூன்று இடத்துச் சிக்கல் பாதியாகத் திரும்பி வரும் என்பதால் ஒப்புக்கொள்ளவில்லை.

அனுமதியும் காலமும்

நில அளவை வரைபடம், உறுதிப் பரிசோதனை, வீதிக்கோடு மற்றும் கட்டடக்கோட்டுச் சான்று, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை, அதன் பிறகே பிரதேச சபையின் வரைபட அனுமதி. இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது. அபாய அறிக்கை வருமுன் விரிவான வரைபடம் கீறினால், அறிக்கையின் நிபந்தனைகளுக்காக மீண்டும் கீறக் காசு கொடுக்க வேண்டிவரும். இங்கே வந்த நிபந்தனைகள் வெட்டுமுகத்தின் உயரம், தாங்குசுவரில் நீர் கசியும் துவாரங்கள், சரிவின் தலைப்பில் மறிப்பு வடிகான், கூரைத் தண்ணீரைக் கீழ்ச் சரிவில் விடாமல் குழாய் வழியே மதகு வரை கொண்டுபோதல் ஆகியவை.

2018இல் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகள் இயங்கத் தொடங்கின. விண்ணப்பக் கோப்பும் புதிய சபைக்கு மாறியது. செப்டெம்பரில் அனுமதி கிடைத்தபோது ஒப்பந்தக்காரர் உடனே மண் வெட்டத் தயார். ஒக்டோபர், நவம்பர் மழையில் திறந்த வெட்டுமுகத்தை விட்டுவைப்பது ஆபத்து என்பதால் 2019 ஜனவரி வரை நிறுத்திவைக்கப்பட்டது. மேற்குச் சரிவில் மண் வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நம்பக்கூடிய காலம். அதற்குள் அத்திவாரமும் தாங்குசுவரும் முடிந்தன. ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் ஊரடங்கும் சோதனைச் சாவடிகளுமாகி இரும்பும் தகடும் வரத் தாமதித்தன. மே கடைசியில், மழை தொடங்கிவிட்ட பிறகுதான் கூரை ஏறியது.

கட்டடத்தில் கவனிக்க வேண்டியவை

தரை மட்டம்தான் இந்தக் கட்டடத்தில் அதிகம் யோசிக்கப்பட்ட விஷயம். பத்துச் சக்கர லொறியின் தட்டு தரையிலிருந்து சுமார் 120 சென்ரிமீற்றர், நடுத்தரக் கண்டர் லொறி சுமார் 95, சிறிய டிமோ பட்டா லொறி சுமார் 75. எல்லாவற்றுக்கும் ஒரே உயர மேடை கட்டினால் ஏதோ ஒன்றுக்கு மூட்டையைத் தூக்கவோ குனிந்து இறக்கவோ வேண்டும். காணி கட்டட முகப்பு நெடுகிலும் இயல்பாகவே சற்றுச் சரிந்திருந்தது. அதை மட்டமாக்காமல், 24 மீற்றரில் 48 சென்ரிமீற்றர் இறங்கும்படி இரண்டு வீதச் சரிவில் முற்றத்துக்குக் கொங்கிரீட் போடப்பட்டது. கட்டடத் தளம் மட்டமாகவே இருக்கிறது. ஆகவே மேல் முனையில் தளம் முற்றத்தைவிட 74 சென்ரிமீற்றர் உயரம்: பட்டாவுக்கு. கீழ் முனையில் 122: பத்துச் சக்கரத்துக்கு. நடுவில் கண்டர். மேடை கட்டிய செலவு என்று தனியாக ஒன்றும் இல்லை. முற்றத்துத் தண்ணீரும் அதே சரிவில் ஓடிவிடுகிறது. லொறி நிற்கும்போது சக்கரத்துக்குக் கட்டை வைப்பது கட்டாயம்.

இறக்கும் வாசல்கள் தென்மேல் காற்றுக்கு முதுகு காட்டி வடகிழக்கைப் பார்க்கின்றன. மலையில் மழை நேராக விழாது. வாசல் காற்றைப் பார்த்திருந்தால் நான்கு மீற்றர் தாழ்வாரமும் போதாது. இங்கே 3.6 மீற்றர் விடப்பட்டது, போதுமாக இருக்கிறது.

தரைக்கு 150 மில்லிமீற்றர் கொங்கிரீட், கம்பிவலையுடன். அதன் கீழே 1000 கேஜ் பொலித்தீன், மடிப்புகள் 30 சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. கூரைத் தகட்டின் கீழே வெப்பக்காப்புப் படலம். மலைநாட்டுக் களஞ்சியத்தில் அது வெயிலுக்காக அல்ல. இரவில் தகடு குளிர்ந்து உள்பக்கம் வியர்த்துச் சொட்டுவதைத் தடுக்கத்தான். கூரைப் பரப்பு ஏறக்குறைய 600 சதுர மீற்றர். மணிக்கு 100 மில்லிமீற்றர் மழைக்கு 60 கனமீற்றர் தண்ணீர் வரும். ஆறு 110 மில்லிமீற்றர் இறக்குகுழாய்கள் வைக்கப்பட்டன. பீலிகள் எல்லாம் வெளிப்பக்கம். இரண்டு கூரை சேரும் உள்பீலி அடைத்தால் தண்ணீர் மா மூட்டையின் மேலேதான் இறங்கும் என்பதால் ஒரே முகட்டுக் கூரை போதும் என்று விட்டார்கள்.

சுவருக்கும் அடுக்குக்கும் 60 சென்ரிமீற்றர் இடைவெளி, தரையில் மஞ்சள் கோடு. சவர்க்காரம், சலவைத்தூள் மாவுக்கு எதிர் மூலையில். மா வாசனையை இழுத்துக்கொள்ளும், பிறகு ரொட்டியில் சவர்க்காரம் மணக்கும். கடைக்காரர் ஒரு முறை திருப்பி அனுப்பினால் அந்தக் கணக்கு போய்விடும். தீப்பெட்டிக்கும் கற்பூரத்துக்கும் தனிக் கம்பிக்கூடு.

தொடர்ந்து நடந்தவை

2019 செப்டெம்பர் நடுவில் களஞ்சியம் திறந்தது. ஒக்டோபர் 27 தீபாவளிக்கு ஆறு வாரம் அளவில் இருந்தது. விநியோக லொறி ஏற்றும் நேரம் 170 நிமிடத்திலிருந்து 65க்கு வந்தது. சம்பள வாரத்தில்கூடக் கடைசி லொறி காலை 7.30க்குள் வெளியேறியது. பத்துச் சக்கர லொறி ஒன்றரை மணி நேரத்தில் இறங்கியது. ரூட் கட்டத்தில் கடைசிக் கடையின் சாமான் முன்னால், முதல் கடையினது பின்னால் என்று அடுக்கியதால் தோட்டத்தில் இறக்கும்போது தோண்டி எடுக்கும் வேலையும் போனது.

கூலியில்தான் முதல் சிக்கல். நாட்டாமிகளுக்கு மூட்டைக்கு இவ்வளவு, தூக்கும் ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று கணக்கு. நான்கு தடவை தொட்டது இரண்டாகிவிட்டதால் அதே சரக்கை இறக்கிவிட்டு வருமானம் பாதியானது. வேலை இலகுவாகிவிட்டதே என்று அண்ணன் சொன்னது எடுபடவில்லை. எடுபட நியாயமும் இல்லை. ஒக்டோபர் முதல் வாரத்தில் இருவர் வேறிடம் போய்விட்டார்கள். தொன் கணக்குக் கூலியும், சரக்குக் குறைந்த நாளுக்கு உத்தரவாதமான நாட்கூலியும் என்று மாற்றிய பிறகே நிலைமை தணிந்தது. போன இருவரில் ஒருவர் திரும்பி வந்தார்.

அடுத்தது பலெட். உள்ளூர் மரக்காலையில் யூகலிப்டஸ் பலகையில் 150 பலெட் அடித்து வாங்கியிருந்தார்கள். பச்சை மரம். நவம்பர் நடுவில் அடி வரிசை மூட்டைகளில் பலகை படும் இடமெல்லாம் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. 46 மூட்டை ஒதுக்க வேண்டிவந்தது. தரை காய்ந்திருக்கிறது, சுவர் காய்ந்திருக்கிறது, ஈரத்தைப் பலெட்டே உள்ளே கொண்டுவந்துவிட்டது. மழைக்காலத்தில் அங்கே மரம் காயாது. வெப்பமூட்டிப் பதப்படுத்திய முத்திரை உள்ள பழைய இறக்குமதிப் பலெட்டுகள் கொழும்பிலிருந்து திரும்பும் லொறிகளில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. உள்ளூர்ப் பலெட் பெட்டிச் சாமானுக்கு மாற்றப்பட்டது. 2020 ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மா சேதம் 0.2 வீதம்.

மழையைப் பொறுத்தவரை ஒரு விதி எழுதி ஒட்டப்பட்டது. முற்றத்தில் மழைமானி இருக்கிறது. மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படும் 24 மணி நேர எல்லைகளான 75, 100, 150 மில்லிமீற்றரையே இவர்களும் எடுத்துக்கொண்டார்கள். 75ஐத் தாண்டினால் சாமிமலை, பொகவந்தலாவை ரூட்டுகளுக்கு பட்டா மட்டும், இருள முன் திரும்ப வேண்டும். 100 தாண்டினால் அந்த ரூட்டுகள் நிற்கும். மே முதல் செப்டெம்பர் வரை கித்துல்கலை, கினிகத்தேனைப் பக்கம் மரமோ மண்ணோ விழுந்து வீதி அடைபடக்கூடும் என்பதால் மாவும் பருப்பும் ஏழு நாளுக்குப் பதில் பத்து நாள் இருப்பு.

யாரும் எதிர்பாராதது கடன் பற்று. சாமான் நேரத்துக்குப் போய்ச் சேர, கடைக்காரர்கள் கூட வாங்கினார்கள். பிரதிநிதிகளும் கூடத் தள்ளினார்கள். கடைகளிலிருந்து பணம் திரும்பிவரச் சராசரியாக 21 நாள் எடுத்தது 29 நாளானது. களஞ்சியத்தின் வேகம் கணக்குப் புத்தகத்தில் பணமுடையாக வந்து நின்றது. 2020 மார்ச் ஊரடங்கு வந்தபோது வெளியே நின்ற பணம் அதிகம். தோட்ட வேலை நிற்காததால் சம்பளமும் நிற்கவில்லை, மெதுவாக வசூலானது. அதன் பிறகு, சம்பள நாளைத் தாண்டிப் பழைய பாக்கி இருந்தால் புது பில் போடுவதில்லை என்று அண்ணன் இறுக்கினார்.

2022 பொருளாதார நெருக்கடி வேறு விதமான சோதனை. மாவும் பால்மாவும் கிடைக்கவில்லை, டீசலுக்கு வரிசை. ஜூலை கடைசியில் கியூ.ஆர். அட்டை வந்த பிறகு வாரத்துக்கு இவ்வளவு என்று டீசல் அளவோடு கிடைத்தது. ஒன்பது ரூட்டை ஆறாகச் சேர்த்து, வாரத்தில் ஒரே நாள் என்று ஓட முடிந்தது; ஒரே இடத்தில் ரூட்படி சேர்த்துவைக்கும் தளம் இல்லாவிட்டால் அது சாத்தியமாகியிருக்காது. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 வீதப்புள்ளி உயர்த்தியது. மாறும் வட்டியில் எடுத்த கடன் என்பதால் தவணை ஏறியது. களஞ்சியம் அப்போது பாதி வெறுமையாகக் கிடந்தது. 6,500 சதுர அடிக்கான தவணையையே கடையின் இலாபத்திலிருந்து கட்டச் சிரமப்பட்டார்கள். 12,000க்கு எடுத்திருந்தால் காணியை விற்க வேண்டிவந்திருக்கும் என்பது அண்ணனே போட்ட கணக்கு.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

கூலிப் பேச்சைத் திறப்புக்கு மூன்று மாதம் முந்தியே நாட்டாமிகளோடு உட்கார்ந்து முடிக்க வேண்டும். கை தொடும் தடவைகளை எண்ணிய அன்றே அது யார் வருமானத்தில் விழும் என்பதும் தெரிந்திருக்கக்கூடியதுதான்.

வெங்காய அறை போதவில்லை. 350 சதுர அடி என்பது வெங்காயத்துக்கு மட்டும் சரி. உருளைக்கிழங்குக்கு இருட்டு வேண்டும், வெங்காயத்துக்குக் காற்றோட்டம் வேண்டும். இரண்டையும் ஒரே அறையில் வைத்ததால் ஒன்று பச்சையாகிறது அல்லது மற்றது அழுகுகிறது. நடுவில் தடுப்புப் போட்டு 500 சதுர அடியாவது ஒதுக்க வேண்டும்.

முற்றத்துத் தண்ணீர் போய்ச் சேரும் வீதி மதகு முதல் பருவமழையிலேயே அடைத்தது. மேலேயுள்ள தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டிய வாதும் மண்ணும் வந்து நிறைந்து, பத்துச் சக்கர லொறி நிற்கும் கீழ் முனையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிகான் முடிவில் ஒரு மீற்றர் ஆழ மண்தொட்டியும் கம்பித் தடுப்பும் பின்னர் கட்டப்பட்டன. வாரம் ஒரு முறை ஒருவர் அள்ள வேண்டும்; மழைக்காலத்தில் இரு முறை. இதைக் கட்டடச் செலவிலேயே சேர்த்திருந்தால் முற்றக் கொங்கிரீட்டை உடைக்க வேண்டியிருந்திருக்காது.

தீராமல் இருப்பது வாயில். 5.5 மீற்றர் அகலம், காகிதத்தில் தாராளம். ஹட்டனிலிருந்து வரும் பத்துச் சக்கர லொறி இடப்பக்கம் திரும்பி நுழைய எதிர்ப் பாதையில் பாதி போய்த்தான் வளைக்க முடிகிறது. அந்த வளைவில் தலவாக்கலைப் பக்கமிருந்து வரும் பஸ் கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். இடப்பக்கத் தூணைக் கழற்றி, சுவரை 45 பாகையில் உள்ளே சரித்து, வாயிலை எட்டு மீற்றராக்க வேண்டும். அங்கே ஒரு மின்கம்பம் நிற்கிறது. அதை நகர்த்த விண்ணப்பம் போட்டுக் கட்டணமும் கட்டியாயிற்று. கம்பம் மாறும்வரை பெரிய லொறிகள் காலை 5.30க்கு முன் வர வேண்டும், உதவியாளர் இறங்கிக் கொடி காட்டிய பிறகே திரும்ப வேண்டும் என்று சாரதிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.